பதினொரு மொட்டுகளும் பாசியும்

நான் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இங்கே நான் எழுதப்போகும் முட்டாள்தனத்தைச் செய்தது ஒரு வேதியியல் டீச்சர் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் குத்திக்காட்டுகிறார். காட்டட்டும்.

என் மகன் வேலை கிடைத்து குஜராத்துக்குப் போனபோது எங்களிடம் ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டுவிட்டுப் போனான். இரண்டடி நீளம். சாதாரண மீன்தொட்டி இல்லை, கடல்நீர்த் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், ஓட்டை ஓட்டையான பாறைகள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு க்ளவுன் மீன்கள். உள்ளங்கை அகலப் பாறை ஒன்றின்மேல் ஒட்டி வளர்ந்த பட்டன் பவளம். சட்டைப் பொத்தான் அளவில் பதினொரு மொட்டுகள். விளக்கு எரிந்தால் விரியும், அணைத்தால் சுருங்கிக்கொள்ளும். பார்க்கத்தான் பூ, ஒவ்வொன்றும் வாய் உள்ள பிராணி. கடலைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய ஊரில், முருகன் கோயில் மலையைப் பார்த்த மாடி அறையில், இதையெல்லாம் உயிரோடு வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவன் கல்லூரி நாட்களில் ராப்பகலாக அதன்கூடவே கிடந்தான். நான் திட்டிக்கொண்டே இருந்தேன்.

அவன் போனது சுமுகமாக நடக்கவில்லை. இங்கேயே இருந்து அரசாங்கத் தேர்வு எழுது, பக்கத்தில் ஒரு வேலை பார் என்று நான் பிடித்த பிடி கொஞ்சமில்லை. புறப்படும் நாள் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "நீ என்ன மூச்சு வுடவே வுட மாட்டேங்கறம்மா." அதற்கு நான் ஏதோ பதிலுக்குக் கத்தினேன். அவன் அப்பா பைக்கை எடுக்கக் கீழே போய்விட்டார். பிறகு என் பிள்ளை என் பக்கம் பார்க்காமல் தொட்டியைக் காட்டி, "ரூம் கெடச்சதும் வந்து எடுத்துகினு போறேன். அது வரைக்கும் பாத்துக்கோ" என்றான்.

அதற்கப்புறம் நான் ஃபோன் செய்தால் இப்படித்தான் இருக்கும்: "சாப்டியா?" "ம்." "காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லயே?" "இல்ல." "தூங்கறியா ஒழுங்கா?" "வெச்சிடவா?" ஆனால் தொட்டியைப் பற்றி ஆரம்பித்தால் பத்து நிமிடம் பேசுவான். க்ளவுன் சாப்பிடுகிறதா, எத்தனை மொட்டு விரிந்திருக்கிறது, உப்பு எவ்வளவு காட்டுகிறது, தண்ணீரைச் சுழற்றும் அலை மோட்டாரில் சத்தம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் உப்பு அளக்கும் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். உள்ளதைச் சொல்கிறேன்: எனக்கு மீன்மேல் அன்பு இல்லை. அந்தத் தொட்டி செத்துப்போனால் அவனுக்கும் எனக்கும் பேச ஒன்றும் இருக்காது, அவன் வீட்டுக்கு வரவும் ஒரு காரணம் இருக்காது என்ற பயம்தான் இருந்தது.

அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். காலையில் குளித்து, விளக்கேற்றி, நெற்றிக்கு விபூதி இட்டு, அவன் அறைக்குப் போய்த் தொட்டிக்கும் ஒரு சிட்டிகை போட்டு, விரிந்த மொட்டுகளை எண்ணிவிட்டு, அப்புறம்தான் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். சாயங்காலம் வந்து தண்ணீர் குறைந்த அளவுக்குச் சுத்தமான கேன் தண்ணீர் ஊற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை உப்பு கலந்து இரண்டு வாளித் தண்ணீர் மாற்றுவேன். எல்லாவற்றையும் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டில் எழுதி வைத்தேன்.

இரண்டு மாதம் பிரச்சினை இல்லை. மூன்றாம் மாதம் மணல்மேல் பழுப்பாக ஏதோ படிந்தது. கண்ணாடியைத் துடைத்தால் மறுநாளே திரும்ப வந்தது. பிறகு பாறையில் அங்கங்கே பச்சை. முதலில் வெல்வெட் துணி மாதிரி அழகாகத்தான் இருந்தது. பத்து நாளில் அது தலைமயிர் நீளத்துக்கு வளர்ந்து, அலை மோட்டார் அடிக்கிற பக்கமெல்லாம் சாய்ந்து ஆட ஆரம்பித்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் எண்ணினேன். பத்துதான் விரிந்திருந்தது. ஒன்று பாசிக்குள் மூடிக்கொண்டு கிடந்தது. அடுத்த வாரம் எட்டு. அதற்கடுத்த வாரம் ஆறு.

மகனிடம் சொல்லவில்லை. "எல்லாம் விரிஞ்சிருக்குதுபா" என்றேன். படம் அனுப்பச் சொன்னான். வலது பக்க மூலையில் மட்டும் பாசி குறைவு. அங்கே மீன் வந்து நிற்கிற நேரம் பார்த்து, கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். பரீட்சையில் காப்பி அடிக்கிறவர்களைப் பிடித்து நிற்கவைக்கிற நான், தினமும் ஒரு மூலையைப் படம் பிடித்து என் பிள்ளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அனுப்பிவிட்டு அவன் பார்த்துவிட்டான் என்று நீலக் குறி வருகிற வரைக்கும் ஃபோனைக் கீழே வைக்க மாட்டேன்.

பல் துலக்கும் பிரஷ் ஒன்றை வாங்கிவந்து பாறையைத் தேய்த்தேன். கையால் பிய்த்து எடுத்தேன். எடுத்த இடத்தில் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்தது. பாசி தின்னும் என்று கேள்விப்பட்டு நான்கு நத்தை வரவழைத்தேன். அவை நான்கும் சொல்லிவைத்தாற்போல் பாசியே இல்லாத கண்ணாடிமேல் போய் ஒட்டிக்கொண்டன. வகுப்பில் ஆவர்த்தன அட்டவணையைச் சொல்லும்போதும் கண்ணுக்குள் அந்தப் பச்சை மயிர்தான் ஆடியது. ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு ஆறா ஐந்தா என்று நினைவு வராமல், இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது அது வெட்கப்படுகிற விஷயமாகத் தெரியவில்லை.

பாசி சும்மா வளராது. அதற்குச் சாப்பாடு வேண்டும். முக்கியமான சாப்பாடு பாஸ்பேட். சோதனை செய்யும் சின்னப் பெட்டி ஒன்று மகன் வைத்திருந்தான்: குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்தும் பொடியும் போட்டுக் குலுக்கினால் பாஸ்பேட் இருந்தால் நீலமாகும். எத்தனை நீலமோ அத்தனை பாஸ்பேட். எங்கள் தொட்டி நல்ல பள்ளிக்கூடப் பாவாடை நீலம் காட்டியது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

முதல் ஆள் வீட்டுக்காரர். அவர் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பகல் சாப்பாட்டுக்கு வரும்போது மீனுக்குத் தீனி போடுவது அவர் வேலை. "கொழுக்க வெக்கறீங்களா? தின்னாத தீனிதான் அழுகி பாசியாவுது" என்று எரிந்து விழுந்தேன். "ரெண்டு மீனும் என்னப் பாத்தா வருது, உன்னப் பாத்தா பாறைக்குப் பின்னாடி ஓடுது. நான் போடலன்னா யாரு போடறது?" என்றார். தீனி டப்பாவைப் பிடுங்கி, தினமும் எண்ணிப் பன்னிரண்டு உருண்டை மட்டும் காகிதத்தில் மடித்து வைத்தேன். பாசி குறையவில்லை. மீன்தான் இளைத்தது.

அடுத்தது கேன் தண்ணீர். தண்ணீர் கேன் போடுகிறவரை வாசலிலேயே நிறுத்தி, "உங்க ப்ளான்ட்ல ஃபில்டர் மாத்தறீங்களா இல்லயா?" என்று கேட்டேன். அவர் பாவம், "குடிச்சிட்டு யாருக்காவது வயித்து வலியாம்மா?" என்று பயந்துபோனார். சோதித்துப் பார்த்தேன், கேன் தண்ணீரில் ஒன்றும் இல்லை. உப்பில் இல்லை. ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டேன், வெயிலும் இல்லை. சென்னையில் மகன் வழக்கமாக மீன் வாங்குகிற கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன்.

"மேடம், டேங்க்ல என்னென்ன போடறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

தீனி, உப்பு, தண்ணீர் என்று சொன்னேன்.

"வேற எதுவும் போடலயா?"

"வேற ஒண்ணுமே போடலங்க. சத்தியமா."

பொய் சொல்லவில்லை. அப்போது அது எனக்குச் சத்தியமான உண்மை.

இதற்கிடையில் அம்மையார்குப்பத்தில் வீட்டுக்காரரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். மூன்று நாள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. தானாகத் தீனி போடும் கருவி ஒன்றை மாட்டிவிட்டுப் போனோம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் எனக்குத் தொட்டி நினைப்புதான். மொய் எழுதிய கையோடு கிளம்பலாம் என்று நான் அரிக்க, நாத்தனார் முகம் சுருங்கிவிட்டது. வந்து கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். ஆறு மொட்டு. குறையவில்லை. சோதித்தேன். நீலம் முன்னைவிட வெளுத்திருந்தது.

அப்படியென்றால் தண்ணீர் இல்லை, தீனி இல்லை, உப்பு இல்லை. நாங்கள் இரண்டு பேர் வீட்டில் இல்லாததுதான் ஒரே வித்தியாசம். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உண்மையச் சொல்லுங்க, எனக்குத் தெரியாம அதுல இன்னா போட்டுகினு இருக்கீங்க?" என்று அவரைப் பிடித்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "இருக்கறது ரெண்டு பேரு. நான் இல்லன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் வழக்கம்போலக் குளித்து, விளக்கேற்றி, மகன் அறைக்குப் போனேன். அந்த அறை வாசற்படியில் அவர் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. திரும்பும்போது கேட்டார்: "டீச்சரம்மா, இப்ப போட்டியே, அது இன்னா?"

"எது?"

"கையில இருந்து தூவுனியே."

"விபூதிங்க."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

அதை நான் 'போடுவதாக' ஒரு நாளும் நினைத்ததே இல்லை. அவன் ஐந்தாவது படித்த நாளிலிருந்து தினமும் காலையில் அவன் நெற்றியில் இட்டு, மிச்சத்தை அவன் உச்சியில் தூவி, முருகா என்று சொல்லித்தான் அனுப்புவேன். அவன் போன மறுநாள் காலையில் மூன்று விரலிலும் விபூதியோடு அவன் அறைக்குள் வந்து நின்றுவிட்டேன். கட்டிலில் யாரும் இல்லை. தொட்டியில் மீன் நீந்திக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலே கையை நீட்டித் தூவினேன். அன்றைக்கு ஆரம்பித்தது, ஒரு நாள்கூட விடவில்லை. பாசி வந்த பிறகு பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே போட்டேன். கிருத்திகை அன்று இரண்டு தரம்.

அரை டம்ளர் கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை விபூதியைக் கலக்கி, காப்பி வடிகட்டும் துணியை நான்காக மடித்து வடித்து, சோதனைக் குப்பியில் ஊற்றினேன். சொட்டு விட்டேன். பொடி போட்டேன். குலுக்கி முடிப்பதற்குள் மை நீலமாகிவிட்டது. சாணத்தைச் சுட்டால் சாம்பலில் பாஸ்பேட்டும் சிலிக்காவும் தங்கும். பாசிக்கு இதைவிட நல்ல உரம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட யோசித்தால் சொல்லிவிடும். இதில் இன்னொரு கூத்து, கடையில் பாக்கெட்டில் விற்கும் வெள்ளைப் பொடி மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதில் பாதி சுண்ணாம்புக்கல் தூள். திருவாலங்காட்டுப் பக்கம் மாடு வைத்திருக்கிற ஒரு சக டீச்சர் வீட்டில், விராட்டி சுட்டுச் சலித்த அசல் விபூதியாகச் சொல்லி வாங்குவேன். போலியை வாங்கியிருந்தால் பவளத்துக்கு ஒரு கேடும் வந்திருக்காது. அசல்தான் கழுத்தை அறுத்தது.

வீட்டுக்காரர் குப்பியைப் பார்த்தார். "அப்ப நிறுத்திடு, தீந்துது" என்றார்.

அவருக்கு அது அவ்வளவு சுலபம். எனக்கு மறுநாள் காலையில் கை ஓடவில்லை. விபூதிக் கிண்ணத்துக்கும் அறைக்கும் நடுவில் நின்றேன். பாஸ்பேட் என்று அறிவு சொல்கிறது. இட்டுக்கொண்டிருந்த விபூதியை நிறுத்தினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அடிவயிறு சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தது. போட்டால் பவளம் சாகும், போடாவிட்டால்... அதை முடிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். வழியெல்லாம் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள், "இன்னா டீச்சர், வேண்டுதலா?" என்றாள்.

முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள் ஓடியது. மூன்றாம் நாள் மகனுக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. முதல் பீரியட் முடிந்து செய்தேன், எடுக்கவில்லை. இடைவேளையில், சாப்பாட்டு நேரத்தில், லேபில் பிள்ளைகள் டைட்ரேஷன் செய்துகொண்டிருக்கும்போது. ஒன்பது தரம். எனக்குத் தெரிந்துவிட்டது, நிறுத்தியதால்தான் என்று. ப்யூரெட்டில் எத்தனை அளவு என்று ஒரு மாணவி கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. லேப் உதவியாளரை நிற்கவைத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் பத்தாவது தரம் அடித்தேன்.

எடுத்தான். "இன்னாம்மா? ஷிஃப்ட்ல இருக்கேன். ஃபோன் லாக்கர்ல வெச்சிருந்தேன். ஒம்போது மிஸ்டு கால். நைனாவுக்கு ஏதாவது ஆச்சா?"

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பாசி, பிரஷ், நத்தை, பொய்ப் படம், விபூதி, நீலம், மூன்று நாளாக நிறுத்தியது, எல்லாம். "நாந்தாண்டா உன் பவளத்தக் கொன்னுகினு இருந்தேன். நிறுத்துனா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இருந்திச்சி. நீயும் எடுக்கல."

திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"எல்லா போட்டோவும் ஒரே மூலையா இருந்திச்சி. அப்பவே தெரியும்" என்றான். பிறகு, "ம்மா, நான் ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"காலேஜ் போன நாலு வருஷமும், பஸ் ஏர்றதுக்கு முன்னாடி நீ வெச்ச விபூதிய கர்சீப்ல தொடச்சிடுவேன். தினமும்."

என் கை என் நெற்றி விபூதிக்குப் போயிற்று.

"எக்ஸாம் அன்னிக்கு மட்டும் வுட்டுடுவேன்" என்றான். "மத்த நாளெல்லாம் ஒண்ணுமே இல்லாமதான் போயிட்டு வந்தேன். எனக்கு இன்னா ஆச்சி, சொல்லு? நல்லாதான இருக்கேன்."

முதலில் வந்தது கோபம்தான். அடப்பாவி என்று சொன்னேன், சத்தமாகவே. நான்கு வருடம் அவனைப் பத்திரமாக அனுப்பிவிட்டேன் என்று நம்பி நிம்மதியாகப் பஸ் ஏறியிருக்கிறேன். அவன் தெருமுனையிலேயே துடைத்துப் போட்டிருக்கிறான். ரொம்ப வலித்தது. ஆனால் வலிக்கிற அந்த இடத்திலேயே மூன்று நாளாக, இல்லை, பல வருடமாக அடைத்துக்கொண்டிருந்த ஒன்று இளகியது. நான் காவல் நிற்காத நாட்களிலும் அவன் வீடு வந்து சேர்ந்திருக்கிறான். மரத்தடியில் நின்று சிரித்தேன். மூக்கும் ஒழுகியது.

"மீனு பாவம், தொடச்சிக்க கர்சீப் கூட இல்ல" என்றான் அவன். அதற்கப்புறம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். அவனுக்கு மேலதிகாரி வந்துவிட்டார் போலிருக்கிறது, வைத்துவிட்டான்.

சாயங்காலம் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பினான். பவளப் பாறையை வெளியே எடுத்துப் பாசியைப் பிய்க்க வேண்டும். கையுறை கட்டாயம், பவளத்தின் சாறு விஷம். விளக்கு நேரத்தைக் குறைக்க வேண்டும். பாஸ்பேட்டை உறிஞ்சும் பொடிப் பையைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தொங்கவிட வேண்டும். பாறைக்குள் ஊறிய பாஸ்பேட் மாதக்கணக்கில் மெதுவாக வெளியே வரும், அவசரப்படாதே என்று கடைசியில் போட்டிருந்தான். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, காயில் கட்டுகிற இடுக்கியால் ஒவ்வொரு மயிராகப் பிடுங்கினார். எனக்கு அத்தனை பொறுமை கிடையாது.

மூன்று மொட்டுகள் செத்தே போயின. மற்றவை ஒவ்வொன்றாகத் திறந்தன. காலையில் எண்ணுவதை நான் விடவில்லை. அதை விடு என்று என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. ஃபோன் செய்வதை மட்டும் அவனிடமே விட்டுவிட்டேன். முதல் வாரம் அது எப்படிப் போயிற்று என்று என்னிடம் கேட்காதீர்கள். ஃபோனைப் பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டாத குறை.

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பகலில், அவனே கூப்பிட்டான். மெஸ்ஸில் பருப்பில் சர்க்கரை போடுகிறார்களாம், அதைப் பற்றி ஐந்து நிமிடம் திட்டினான். கூட வேலை செய்கிற ஒருவன் நீச்சல் கற்றுக்கொடுக்கிறானாம். சட்டைக் காலரில் போகாத அழுக்கை எப்படி எடுப்பது என்று கேட்டான், சொன்னேன். "உன் முட்டி வலி எப்டி கீது?" என்று கேட்டான். அவனுக்கு அது நினைவிருந்ததே எனக்கு ஆச்சரியம். நைனா கடையில் வியாபாரம் எப்படி என்றான். நான் எட்டு மொட்டு விரிந்திருக்கிறது என்று சொல்வதற்காக நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டே பேசினேன். அரை மணி நேரம் ஆகிவிட்டது. வைத்த பிறகுதான் உறைத்தது, தொட்டியைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.